இரண்டு வயது மூத்த தங்கை

அப்பாவுக்கு உலகத்தில் எதற்கும் பயம் கிடையாது. கொட்டுகிற மழையில் கூரை மேல் ஏறுவார், வெறிநாயை அதட்டியே தெருமுனை வரை துரத்துவார். ஆனால் மேஜைக்குப் பின்னால் ஒருவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் தன் இரண்டு பெண்களையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனார். மூத்தவளுக்கு ஏழு வயது. ஒரு வருஷத்துக்கு மேல் காய்ச்சலும் வாந்தியுமாகக் கிடந்து, எலும்பும் தோலுமாக அப்போதுதான் எழுந்திருந்தாள். இளையவளுக்கு ஐந்து. அக்கா வேண்டாமென்று தள்ளிய பாலையும் ரொட்டியையும் வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் அத்தனையும் தானே தின்று, உருண்டு திரண்டு இருந்தாள். பள்ளிக்கூட எழுத்தர் தலையை நிமிர்த்தி இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். குண்டாக இருப்பவளிடம் பேனாவை நீட்டி, "உன் பேர் என்னம்மா?" என்றார். பெயரை எழுதிக்கொண்டு, "பெரிய பொண்ணு பொறந்த தேதி சொல்லுங்க" என்றார் அப்பாவிடம். அப்பா பெரிய பெண்ணின் தேதியைச் சொன்னார். எழுத்தர் அதைக் குண்டுப் பெண்ணின் பெயருக்கு நேரே எழுதினார். மிச்சமிருந்த தேதி மிச்சமிருந்த பெண்ணுக்குப் போனது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "இவ சின்னவன்னு சொல்ல உங்களுக்கு வாய் இல்லையா?"

"எழுதிட்டாருடி."

"அடிச்சிட்டு எழுதச் சொல்றது!"

"நல்லா முத்து முத்தா எழுதியிருந்தாரு. அதை எப்படி அடிக்கச் சொல்றது?"

இப்படியாக ஒரு மனிதரின் அழகான கையெழுத்தினால் தங்கை அக்காவுக்கு இரண்டு வயது மூத்தவளானாள்.

சின்ன வயதில் இதைப் பற்றி யாருக்கு என்ன கவலை? இருவரும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. கல்யாண வயது வந்தபோது அக்காவுக்கு இது கொண்டாட்டமாகவே இருந்தது. மாப்பிள்ளை வீட்டாரிடம் பள்ளிச் சான்றிதழை எடுத்து நீட்டினாள். அதில் உள்ளதை யார் மறுக்க முடியும்? உண்மை அக்காவின் வீட்டுக்காரருக்குத் தெரியவந்தது கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து. அதற்குள் அவருக்கு அவளைக் கண்டால் நடுங்கிப் பழகிவிட்டிருந்தது. வயதைப் பற்றிக் கேட்கத் துணியவில்லை.

வினை வேலையில் வந்து சேர்ந்தது. ஊரின் பெரிய ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவுக்கு ஆள் எடுத்தார்கள். இருவரும் விண்ணப்பித்தார்கள், இருவருக்கும் கிடைத்தது, இருவரும் ஒரே நாளில் ஒரே மணிக்குப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்கள். ஒரே நாளில் சேர்ந்தவர்களில் யார் சீனியர்? வயதில் மூத்தவரே என்கிறது விதி. அன்றைக்கே தங்கைக்கு 'சீனியர்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. முப்பத்தேழு வருஷமாக டாக்டர் முதல் வாசல் காவலாளி வரை அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் குழம்புவார்கள்.

"சீனியர் ஏன் அவங்க தங்கச்சியைப் போய் அக்கான்னு கூப்பிடறாங்க?"

"செல்லமா" என்று யாராவது சொல்வார்கள். அதோடு விஷயம் முடிந்துவிடும்.

ஊழியர் பிறந்தநாளுக்கு ஆஸ்பத்திரி நிர்வாகம் ஒரு வாழ்த்து அட்டை அனுப்பும். அக்காவின் பிறந்தநாள் அன்று அது சீனியருக்கு வரும், சீனியரின் பிறந்தநாள் அன்று அக்காவுக்கு. பெயரை மட்டும் அடித்துவிட்டு இருவரும் மாற்றிக்கொள்வார்கள்.

சலவைப் பிரிவு ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது. ஆள் உயரத்துக்கு ஐந்து மிஷின்கள், மூன்று ட்ரையர்கள், அகலமான மெத்தை விரிப்பை ஒரு பக்கம் விழுங்கி மறுபக்கம் சுடச்சுடத் துப்பும் இஸ்திரி உருளை. ஆவியில் எல்லாருடைய கண்ணாடியும் மங்கிப் போகும். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் விரிப்பு. விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, ஒரு உதறு, மூலையோடு மூலை சேர்த்து, எதிரெதிரே நடந்து வந்து கை மாற்ற வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து அந்த இரண்டு பேர் அக்காவும் தங்கையும்தான். எதிரெதிரே அவர்கள் நடந்த நடையை நேராக நடந்திருந்தால் இந்நேரம் இரண்டு மூன்று தேசம் தாண்டியிருக்கலாம். அந்த நடையிலேயே வீட்டுக் கதை, வார்டு வம்பு, மாமியார் புராணம் எல்லாம் பேசித் தீர்த்தார்கள்.

பதவி உயர்வு வந்தபோதெல்லாம் சீனியருக்கு வந்தது. முதலில் உருளைப் பொறுப்பு, அப்புறம் ஷிஃப்ட் பொறுப்பு, நான்கு வருஷம் முன்பு மொத்தப் பிரிவுக்கும் இன்சார்ஜ். மூலையில் கண்ணாடி போட்ட சின்ன அறை, ஒரு மேஜை, கைவைத்த நாற்காலி, போன். ஒவ்வொரு தடவையும் அக்கா, "நல்லா இருடி" என்று முதுகில் ஒன்று போட்டுவிட்டு மடிக்கிற மேஜைக்குத் திரும்பிவிடுவாள். அறைக்கு ஏதாவது கேட்க வந்தால் உட்கார மாட்டாள். முழங்கால் வலியோடு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றே பேசுவாள்.

"உட்காரேன்க்கா."

"உட்கார்ந்தா எழுந்திருக்க ஒரு ஆள் வேணும். நீ பேசு."

இந்த நிலைமையில் பணியாளர் பிரிவிலிருந்து சீனியருக்கு ஒரு கடிதம் வந்தது. இன்னும் மூன்று மாதத்தில் தங்களுக்கு அறுபது வயது நிறைவடைவதால், என்று ஆரம்பித்து, தங்கள் சேவைக்கு நன்றி, என்று முடிந்தது.

அவள் அதை மூன்று தடவை படித்தாள். அறுபதா? அவளுக்கு ஐம்பத்தெட்டு. இத்தனை நாள் ஒரு தமாஷாக இருந்த அந்த இரண்டு வருஷம் திடீரென்று எழுந்து நின்று, 'நான் போய்விட்டேன்' என்றது. செய்யாத குற்றத்துக்கு ஜெயிலுக்குப் போகிறவர்கள் உண்டு. வாழாத இரண்டு வருஷத்துக்கு ஒருத்தி வீட்டுக்குப் போக வேண்டுமா?

வீட்டில் இருந்த நிலைமை அதைவிட மோசம். அவள் வீட்டுக்காரர் பஸ் கம்பெனியில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். கடிதத்தைப் பார்த்ததும் அவர் முகம் பூத்துவிட்டது. அன்று சாயங்காலமே ஒரு அட்டையில் கோடு கிழித்துக் கால அட்டவணை தயார் செய்து சமையலறைக் கதவில் ஒட்டினார். ஐந்து ஐம்பதுக்கு எழுந்திருத்தல். ஆறு பத்துக்கு நடை. ஆறு ஐம்பத்தைந்துக்கு மூச்சுப் பயிற்சி. ஏழே காலுக்கு 'பேச்சு'.

"ஏழே காலுக்கு என்னங்க பேச்சு?"

"நாம ரெண்டு பேரும் பேசிக்கறதுதான். இருபது நிமிஷம் ஒதுக்கியிருக்கேன். போதாதுன்னா சொல்லு, சாயங்காலம் இன்னொரு ட்ரிப் விடறேன்."

மறுநாள் காலை சீனியர் பணியாளர் பிரிவுக்கு ஓடினாள். அங்கிருந்த கிளார்க்கை எல்லாரும் 'ரூல்ஸ்' என்பார்கள். தும்மினால்கூட எந்த விதியின்படி என்று யோசித்துத் தும்முகிறவர். அவள் கதையைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

"திருத்தலாம்மா. விதி இருக்கு. நகராட்சியில இருந்து உங்க ரெண்டு பேரோட பிறப்புப் பதிவு நகல் வாங்கி வைக்கணும். இந்த ஃபாரத்துல நீங்களும் உங்க தங்கச்சியும் கையெழுத்துப் போடணும்."

"அக்கா."

"ஆங், அக்கா. தேதி ரெண்டும் இடம் மாறினதால ரெண்டு பேரும் ஒத்துக்கணும். நீங்க இன்னும் ரெண்டு வருஷம் இருக்கலாம். அவங்க நீங்க போற தேதியில போயிடுவாங்க. அடுத்த மாசம் முதல் வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதுக்கப்புறம் கடவுளே வந்து ஃபாரம் குடுத்தாலும் வாங்க மாட்டேன்."

நகராட்சிக்கு மூன்று தடவை அலைந்து இரண்டு நகலையும் வாங்கிவிட்டாள். அக்காவின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அக்காவுக்குத்தான் முழங்கால் வலி, மூச்சு வாங்கல், மதியமானால் கண் சொருகல். 'எப்படா விடுவாங்க' என்று வாரம் இருமுறை சொல்கிறவள். கரும்பு தின்னக் கூலி கொடுப்பதாக நினைத்துக்கொண்டு, விரிப்பை மடிக்கும்போது விஷயத்தைச் சொன்னாள்.

அக்கா நடுநடையில் நின்றாள். "அறுபதுன்னு நான் கையெழுத்துப் போடணுமா?"

"ஆமா. நிஜம்தானே?"

"நிஜம்னா ஊரெல்லாம் தமுக்கடிக்கணுமா? அம்பத்தெட்டு வயசுல நிம்மதியா இருக்கேன். ஒரே நாள்ல ரெண்டு வயசு ஏத்தப் பார்க்கறியே, நீயெல்லாம் ஒரு தங்கச்சியா?"

"தலைக்கு மாசம் ரெண்டு தடவை சாயம் பூசினா வயசு ஏறாதா? யாரை ஏமாத்தற?"

"நான் சாயம் பூசறேன், நீ பொறாமை பூசற."

"அக்கா, அது என்னோட ரெண்டு வருஷம்!"

"நாப்பது வருஷமா சீனியர் சீனியர்னு மினுக்கிட்டுத் திரிஞ்சப்போ தெரியலையா அது யாரோடதுன்னு?"

அக்கா தன் பக்கத்து விரிப்பை வெடுக்கென்று இழுத்தாள். சீனியரும் விடவில்லை. நடுவில் கிழிகிற சத்தம் கேட்டது. உருளைக்குப் பக்கத்தில் நின்ற நான்கு பேரும் சுவாரசியமாக வேறு பக்கம் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு எட்டு நாள் இருவரும் பேசவில்லை. வேலைக்காகப் பேச வேண்டியிருந்தால் எண்ணை மட்டும் சொல்லிக்கொண்டார்கள். "நூத்தி இருபது." "நூத்தி பதினெட்டு." "எண்ணத் தெரியாதவங்களோட என்ன பேச்சு" என்பது மட்டும் காற்றைப் பார்த்துச் சொல்லப்பட்டது. சாயம் பூசிய தலைக்காகத் தன் இரண்டு வருஷத்தைத் தின்னப் பார்க்கிறாளே என்று சீனியர் பொருமினாள். கையெழுத்தில்லாத ஃபாரத்தையும் நகல்களையும் மடித்து வேலைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தாள். வீட்டுக்காரர் வேறு தினமும் ஒத்திகை பார்க்கலாமா என்று கேட்டார்.

கடைசி நாளான வெள்ளிக்கு முந்தைய நாள், வியாழக்கிழமை. குழந்தைகள் வார்டில் பதினெட்டு தலையணை உறை கணக்கில் வரவில்லை என்று தகராறு. சீனியர் மாடிக்குப் போனாள். ஒரு மணி நேரமாவது சண்டை போட வேண்டியிருக்கும் என்று தயாராகப் போனால், அங்கே பிள்ளைகள் உறைகளைத் தலையில் மாட்டிக்கொண்டு படைவீரர்களாகப் போர் செய்துகொண்டிருந்தன. பதினெட்டையும் பிடுங்கிக்கொண்டு பத்து நிமிஷத்தில் கீழே இறங்கிவிட்டாள்.

மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மிஷின்கள் நின்றிருந்தன. கண்ணாடி அறைக்குள் யாரோ இருந்தார்கள்.

அக்கா.

கைவைத்த நாற்காலியில், முதுகை நேராக வைத்து, இரண்டு கையையும் அதன் கைகளில் பதித்து உட்கார்ந்திருந்தாள். மூக்கில் கண்ணாடி. அப்புறம் போனைத் தூக்கிக் காதில் வைத்தாள். இன்னொரு கையின் விரல் போன் கொக்கியை அழுத்திப் பிடித்திருந்தது.

"சலவை இன்சார்ஜ் பேசறேன்" என்றாள்.

பிடிக்கவில்லை போலிருக்கிறது. தொண்டையைச் செருமிக்கொண்டு, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "ம்ம், சலவை இன்சார்ஜ். யாரு?" என்றாள். இது பிடித்தது. தொடர்ந்தாள்: "இல்ல சார், ஆபரேஷன் தியேட்டர் துணி ரெண்டு மணிக்கு முன்னாடி வராது. பெரிய டாக்டர் சொன்னாரா? அவரை வந்து ட்ரையர் முன்னாடி நின்னு சொல்லச் சொல்லுங்க, காயுதான்னு பார்ப்போம்." போனை வைத்தாள். தன் பேச்சைத் தானே ரசித்து ஒரு தலையாட்டு ஆட்டினாள். மேஜை மேலிருந்த பேனாவை எடுத்து, இடதுபக்கம் இருந்ததை வலதுபக்கம் வைத்தாள்.

சீனியர் அழுக்குத் துணி வண்டிக்குப் பின்னால் குந்திக்கொண்டாள். பதினெட்டு தலையணை உறையையும் வாயில் அடைத்துக்கொள்ளாத குறை. சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் வேறு ஏதோ வந்தது.

சாயமாவது மண்ணாவது! தான் போனால் அடுத்த சீனியர் அக்காதான் என்பது இத்தனை நாளில் அவளுக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. ஃபாரத்தைக் கொடுத்தால் அக்கா நேராக வீட்டுக்குப் போவாள். அந்த நாற்காலியில் திருட்டுத்தனமாக உட்கார்ந்ததோடு சரி. உருளைப் பொறுப்பு, ஷிஃப்ட் பொறுப்பு, இன்சார்ஜ் என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். ஒவ்வொன்றும் வயதில் மூத்தவளுக்கு என்று வந்தது. ஒவ்வொன்றிலும் மூத்தவள் மடிக்கிற மேஜையில் நின்றாள். ஒரு வார்த்தை சொன்னதில்லை. வாயைத் திறந்தால் மூட மறக்கிறவள் இதை மட்டும் எந்தப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தாளோ! 'எனக்கும் ஒரு தடவை வேணும்டி' என்று கேட்பதைவிட, வயசை மறைக்கிற கிழவி என்று பெயர் வாங்குவது அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

அதற்காக சீனியருக்குத் தன் இரண்டு வருஷத்தின் மேலிருந்த ஆசை போய்விட்டதா என்றால், அதுதான் இல்லை. சுடச்சுட வருகிற விரிப்பைக் கன்னத்தில் வைத்தாலே எந்த வார்டு என்று சொல்லிவிடுகிற வேலை இது. இதை விட்டுவிட்டு ஏழே காலுக்குப் பேச வேண்டும். வண்டிக்குப் பின்னாலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அக்கா நாற்காலியை விட்டு எழுந்து, முழங்காலைத் தேய்த்து, பேனாவைப் பழைய இடத்தில் வைத்துவிட்டுப் போகும் வரைக்கும்.

சாயங்காலம் வேலை முடிந்து கோட்டைக் கழற்றினாள். பை கனமாக இருந்தது. தொட்டுப் பார்க்கத் தேவையில்லை, என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். ஒரு கணம் நின்றாள். அப்புறம் கோட்டைச் சுருட்டி, ராத்திரி மிஷினுக்குப் போகிற ஊழியர் துணிக் கூடைக்குள் போட்டுவிட்டு, திரும்பிப் பார்த்தால் மனசு மாறிவிடும் என்று படிகளில் வேகமாக ஏறினாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அக்கா கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் பேனா.

"குடுடி அந்தப் பேப்பரை."

"எதுக்கு?"

"போட்டுத் தொலைக்கறேன். ரெண்டு நாளா சோறு இறங்கலை. ரெண்டு வருஷம் உன்னுது. நான் பிடுங்கித் தின்னா எனக்குச் செரிக்காது."

"ஊருக்கெல்லாம் அறுபதுன்னு தெரிஞ்சிடுமே?"

"தெரியட்டும். அறுபதுக்கு அழகா இருக்கேன்னு சொல்வாங்க. அம்பத்தெட்டுக்கு யாரும் அப்படிச் சொல்ல மாட்டேங்கறாங்க. குடு சீக்கிரம்."

சீனியர் மேஜை இழுப்பறையைத் திறந்து, துவைத்து உலர்ந்த ஒரு வெள்ளை உருண்டையை எடுத்து மேஜை மேல் வைத்தாள். கோழிமுட்டை அளவு இருந்தது. ஒரு ஓரத்தில் நகராட்சி முத்திரையின் நீலம் லேசாகத் தெரிந்தது.

"என்ன இது?"

"ஃபாரம். நகல் ரெண்டும் அதுலதான் இருக்கு. கோட்டுப் பையில இருந்துச்சு. மிஷின்ல போயிடுச்சுக்கா. வேற நகல் வாங்க பதினஞ்சு நாள் ஆகும். கடைசி நாள் இன்னிக்கு."

அக்கா உருண்டையைப் பார்த்தாள். தங்கையைப் பார்த்தாள். சலவைப் பிரிவில் எந்தப் பாவத்துக்கும் மன்னிப்பு உண்டு, பையைத் தடவாமல் துணியை மிஷினில் போடுகிற பாவத்துக்கு மட்டும் கிடையாது.

"பாக்கெட் பார்க்காமயா போட்ட?" என்றாள் மெதுவாக. அடுத்த வார்த்தைக்குள் குரல் கூரைக்குப் போய்விட்டது. "இன்சார்ஜ் கோட்டுல பேப்பர்! பேப்பர் துகள் அந்த மிஷின் பூரா ஒட்டியிருக்குமேடி, பிறந்த குழந்தைக்குப் போர்த்தற துணியில போய் ஒட்டுமே! நேத்து வேலைக்கு வந்தவகூட இதைப் பண்ண மாட்டாளே! கண்ணு எங்க இருந்துச்சு, பொடனியிலயா? நான் மட்டும் இங்க இன்சார்ஜா இருந்திருந்தா..."

சட்டென்று நிறுத்திக்கொண்டாள். முகம் சிவந்துவிட்டது. வெளியே உருளைக்குப் பக்கத்தில் நின்ற நான்கு பேரும் இம்முறை வேறு பக்கம் பார்க்கவில்லை.

"இருந்திருந்தா?" என்றாள் சீனியர்.

"ஒண்ணுமில்ல."

"சொல்லுக்கா. என்ன பண்ணியிருப்ப?"

அக்கா கொஞ்ச நேரம் அவளையே உற்றுப் பார்த்தாள். முப்பத்தேழு வருஷம் பிறர் பையை ஒன்று விடாமல் தடவிய தங்கை, தன் பையை மட்டும் மறந்துவிட்டாளாம். அக்காவின் கண்ணில் ஏதோ பளிச்சென்று வந்து போனது.

"மெமோ குடுத்திருப்பேன்" என்றாள்.

"அப்ப எழுது."

சீனியர் எழுந்து நாற்காலியை அவள் பக்கம் திருப்பினாள். அக்கா அதன் கையைப் பிடித்துக்கொண்டு, முழங்காலைத் தாங்கி, மெல்ல உட்கார்ந்தாள். மெமோ புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கண்ணாடியை மாட்டினாள். ஊழியர் பெயர் எழுதினாள். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

"வயசு கேக்குது."

"அறுபதுன்னு போடு."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"அறுபதுதான். போடு."

அக்கா போட்டாள். குற்றம் என்ற கட்டத்துக்கு வந்ததும் அவளுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. கவனக்குறைவு, என்று ஆரம்பித்தவள், பொறுப்பின்மை, மெத்தனம், பிறர் சொல் கேளாமை என்று வரிசையாக எழுதிக்கொண்டே போனாள். கட்டம் நிரம்பி ஓரத்திலும் எழுதினாள். முதல் பக்கம் தீர்ந்து இரண்டாம் பக்கம் திரும்பியது.

"போதும்க்கா. எழுந்திரு" என்றாள் சீனியர். "இன்னும் அம்பத்தஞ்சு நாளைக்கு அது என் நாற்காலி."

"இருடி" என்றாள் அக்கா, தலையை நிமிர்த்தாமல். "சின்ன வயசுல என் பால் ரொட்டியைத் தின்னதையும் சேர்த்துக்கறேன்."